கான் கெட்ட மாளிகை

மலையில் புதிதாக ஒரு கட்டடத்தைக் கண்டால் எல்லோரும் முன்னால் நின்று முகப்பைப் பார்ப்பார்கள். என் அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய்க் கானைப் பார்ப்பார். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது, எதன் வழியாகப் போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அந்தக் கட்டடத்தைப் பற்றி வாய் திறப்பார். நுவரெலியாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் 38 ஆண்டுகள் கான் வெட்டியவர் அவர். மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மழைத்தண்ணீர் தேயிலையின் காலடி மண்ணை அள்ளிக்கொண்டு நேரே கீழே ஓடிவிடாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே மிக மெல்லிய இறக்கத்துடன் வெட்டப்படும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்கிறோம். இறக்கம் கூடினால் தண்ணீர் கானையே அரித்துவிடும். குறைந்தால் தேங்கி நின்று கரையை உடைத்துவிடும். இடைக்கிடை குழி விட்டு, மண் குழியில் படியவும் தண்ணீர் மட்டும் மேலாக வழிந்து போகவும் செய்வார்கள். மம்பட்டியும் அலவாங்கும் கொண்டு செய்யப்படும் இந்த வேலை சரியாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

மோகன் சிங் ஓபராய் என்ற ஹோட்டல் அதிபரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் அப்பாவின் கானிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, 103 வயதில் அவர் காலமானபோது, நான் நுவரெலியாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் லிகிதராக இருந்தேன். எங்கள் குசினியில் மூத்தவராக இருந்த ஒருவர், நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்று அழைத்தவர், இளவயதில் கொழும்பில் லங்கா ஓபராய் ஹோட்டலில் வேலை பார்த்தவர். அந்த மரணச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்து வந்து என் மேசையில் வைத்தார். "தம்பி, இந்த மனுசனும் ஒங்கள மாதிரி மேசைக்குப் பின்னால நின்னவருதான். படிச்சிப் பாருங்க" என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரிய செல்வந்தர்களைப் புகழும் பழக்கம் எளிதில் வருவதில்லை. துரைமாரின் பெயர் தாங்கிய மலைகளிலேயே வளர்ந்திருக்கிறோம். ஆனாலும் அன்று இரவுப் பணியில் அந்தத் துண்டை மூன்று முறை படித்தேன். அதற்குப் பிறகு இந்த மனிதரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன்.

ஓபராய் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப்பில், இன்று பாகிஸ்தானில் உள்ள பவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். ராவல்பிண்டியிலும் லாகூரிலும் படித்தார்; மாமா ஒருவரின் சப்பாத்துத் தொழிற்சாலையில் சிறிது காலம் வேலை செய்தார்; அதுவும் நிலைக்கவில்லை. 1922இல் தாயார் கொடுத்த 25 ரூபாயுடன் சிம்லாவுக்கு ஏறினார். பிரித்தானிய இந்திய அரசாங்கமே கோடைக்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து ஆட்சி நடத்திய மலைநகரம் அது. அங்கே அரச உத்தியோகம் கிடைக்காமல், சிசில் ஹோட்டலின் வாசலில் போய் நின்று வேலை கேட்டார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் லிகிதர் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று என்னை விட்டு இன்றும் அகலவில்லை. சிசிலில் தங்கியிருந்த மோதிலால் நேரு, அவசரமாகத் தட்டச்சு செய்ய வேண்டிய ஓர் அறிக்கையை இந்த இளைஞரிடம் கொடுக்கிறார். இரவு முழுவதும் கண்விழித்துத் தட்டச்சு செய்து, காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார் ஓபராய். நேரு நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். இரண்டு மாதச் சம்பளம். அந்தப் பணத்தில் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரமும் குழந்தைக்கு உடுப்பும் தமக்கு ஒரு மழைக்கோட்டும் வாங்கியதாக ஓபராயே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கைக்கடிகாரத்தையும் உடுப்பையும் யாரும் புரிந்துகொள்வார்கள். மழைக்கோட்டின் அருமை மலையில் வேலைக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்றில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து விடுதிவரை நடந்து வந்து, நனைந்த சட்டையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, உடம்புக்குள் குளிர் ஏற ஏற விருந்தினருக்கு வணக்கம் சொன்ன காலைகள் எனக்கு நிறைய உண்டு. என் மூன்றாவது சம்பளத்தில் நான் வாங்கியதும் மழைக்கோட்டுத்தான்.

சிம்லாவில் கார்ல்டன் என்ற சிறிய ஹோட்டலை எடுத்துத் தம் பெயரால் கிளார்க்ஸ் என்று நடத்திவந்த ஆங்கிலேயர் ஊர் திரும்ப முடிவுசெய்தபோது, அவரிடம் வேலை பார்த்த ஓபராய், மனைவி இஸ்ரான் தேவியின் நகைகளையும் இருந்த சொத்தையும் அடகு வைத்து, 1934இல் அதை வாங்கினார். கணவனும் மனைவியுமாகவே சந்தைக்குப் போய் இறைச்சியும் மரக்கறியும் பார்த்து வாங்கி வந்தார்கள். அவர் கைக்கு வந்த முதல் கட்டடம் இதுதான். அதை அவர் கட்டவில்லை. அவருடைய கட்டடக்கலை மரபைப் பேசும்போது இதை முதலில் சொல்லிவிட வேண்டும்: அவர் பேரில் இன்று நினைக்கப்படும் மிகச் சிறந்த கட்டடங்களில் பெரும்பாலானவை வேறு யாரோ எழுப்பியவை, நோயுற்றோ மூடப்பட்டோ மங்கியோ கிடந்த நிலையில் இவர் கைக்கு வந்தவை.

அவற்றுள் முதன்மையானது கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டல். அதன் கதை, கட்டடம் என்றால் என்ன என்பதைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. ஈரானிலிருந்து வெறுங்கையுடன் வந்து நகை வியாபாரத்தில் உயர்ந்த ஆரத்தூன் ஸ்டீபன் என்ற ஆர்மீனியர், சௌரிங்கி வீதியில் ஒரு தங்குமனையை வாங்கி, பக்கத்துக் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1911இல் தீப்பற்றி எரிந்துபோன ஒரு நாடக அரங்கின் இடத்தையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே வெண்முகப்புக்குள் கொண்டுவந்தார். நடைபாதையின் மேல் தூண்வரிசை நிற்க, அதற்கு மேலே மாடிகளும் பலகணிகளும் நீள, உள்ளே சுமார் 500 அறைகள் கொண்ட மாளிகை அது. இதே ஸ்டீபன்தான் தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங் மலையிலும் மவுண்ட் எவரெஸ்ட் என்ற பெரிய ஹோட்டலைக் கட்டினார். 1930களில் கல்கத்தாவில் நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) பரவியபோது கிராண்டில் ஆறு பேர் இறந்தார்கள். சந்தேகம் அந்த மாளிகையின் கழிவுநீர்க் கான்களின் மீது விழுந்தது. 1937இல் ஹோட்டல் மூடப்பட்டது. தூண்களும் படிக்கட்டுகளும் நடன மண்டபமும் அப்படியே இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு வழியில் அழுக்குத் தண்ணீர் நல்ல தண்ணீரைத் தொட்டுவிட்டது என்ற பயம் ஒன்றே 500 அறைகளையும் வெறுமையாக்கப் போதுமாக இருந்தது.

யாரும் நெருங்க அஞ்சிய அந்த மாளிகையை ஓபராய் 1938இல் குத்தகைக்கு எடுத்து, அடுத்த ஆண்டு மீண்டும் திறந்தார். இப்படி ஒரு கட்டடத்தைத் திறக்க முன்வருபவர் முகப்புக்கு வெள்ளையடித்துத் தொடங்க முடியாது; நிலத்துக்குக் கீழே இருந்துதான் தொடங்கியாக வேண்டும். உலகப் போர் வந்தபோது கல்கத்தா படைவீரர்களால் நிறைந்தது. கிராண்டிலும் 1,000க்கு மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டார்கள். அந்தப் போர்க்காலத்து வருமானம்தான் அவரைப் பெரும் செல்வந்தராக்கியது. 1943இல் மாளிகையையே சொந்தமாக வாங்கும் நிலைக்கு வந்தார். வங்காளத்தில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் இறந்த ஆண்டும் அதுதான். அந்த நகரத்தில் அந்த ஆண்டில் சேர்ந்த செல்வத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட என் மனம் இடம் கொடுக்கவில்லை.

கிராண்டின் கதையைப் படித்த சில மாதங்களில், நான் வேலை பார்த்த விடுதியிலும் அதன் சிறிய வடிவம் ஒன்று நடந்தது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவே அலங்கரித்துக்கொள்ளும். எங்கள் விடுதியும் முகப்புக்குப் புது நிறம் பூசி, பூச்செடிகளை மாற்றி, வரவேற்பறைக்குப் புதுக் கம்பளம் போட்டது. பின்பக்கத்துக் கானைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று குசினிக்காரர்கள் பலமுறை கேட்டும் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது. புத்தாண்டுக்கு மறுநாள் பின்னேரம் பெய்த ஒரு மணி நேர மழையில், குசினிக் கழிவும் மழைத்தண்ணீரும் சேர்ந்து ஊழியர் அறைகளுக்குள் முழங்கால் அளவுக்கு ஏறின. எங்கள் பாய்களும் உடுப்புப் பெட்டிகளும் அதில் மிதந்தன. முன்னால் இருந்த விருந்தினர் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விடுமுறையில் என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, குசினியிலிருந்த ஒரு கரண்டிக் காம்பால் அடைப்பு எங்கே என்று குத்திக் குத்திப் பார்த்து, கடைசியில் கல் மூடி ஒன்றைத் தூக்கினார். கீழே, பூச்சு வேலையில் மிஞ்சிய சீமெந்து, கானின் வாயிலேயே கல்லாகி இறுகிக் கிடந்தது. முகப்பை அழகாக்கிய அதே வேலையின் மிச்சம்.

ஓபராயின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டும் 1943தான். அந்த ஆண்டில் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கான பங்கு அவர் கைக்கு வந்தது. டெல்லியின் மெய்டன்ஸ், லாகூரின் ஃபலெட்டீஸ், ராவல்பிண்டியின் ஃபிளாஷ்மன்ஸ், பெஷாவரின் டீன்ஸ் ஆகியவற்றோடு, சிம்லாவின் சிசிலும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது. 21 ஆண்டுகளுக்கு முன் 50 ரூபாய்ச் சம்பளத்துக்கு எந்த வாசலில் நின்றாரோ, அந்த வாசல் அவருடையதாயிற்று. நான்கே ஆண்டுகளில் பிரிவினை வந்து, லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் ஹோட்டல்கள் எல்லைக்கு அப்பால் போயின. அவர் பிறந்த ஊரும் போயிற்று. ஒரு கோடு கிழிக்கப்பட்டு ஒரே இரவில் சொந்த மண் அந்நிய மண்ணாவது என்னவென்று, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்கள் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் புதிதாகக் கட்டியவை பல. 1965இல் டெல்லியில் திறக்கப்பட்ட ஓபராய் இண்டர்கொண்டினென்டலை துர்கா பாஜ்பாயும் பிலு மோடியும் வடிவமைத்தார்கள். நவீன இந்தியாவின் சொகுசு ஹோட்டல்களுக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. 1970களில் பம்பாய்க் கடற்கரையோரம் முப்பதுக்கு மேற்பட்ட மாடிகளுடன் ஒரு கோபுரம் எழுந்தது. அவை திறமையான கட்டடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எந்த நகரத்திலும் நிற்கக்கூடியவை, என் மனத்தில் ஒட்டவில்லை. கொழும்பின் லங்கா ஓபராயில் மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் உயர்ந்த நடுமண்டபத்தில் மேலிருந்து கீழாகத் தொங்கிய பெரும் பத்திக் துணிகளை உருவாக்கியவர் ஈனா டி சில்வா. பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து பத்திக், தையல் கூட்டுறவை நடத்தியவரும் அவரே. பெரியப்பா அந்தத் துணிகளைப் பற்றிப் பேசும்போது கையை மேலே தூக்கி, விரல்களை விரித்து, மெல்லக் கீழே இறக்கிக் காட்டுவார். அந்த ஹோட்டலில் அவருக்கு நினைவிருந்தது அது ஒன்றுதான்.

கட்டியவற்றைவிட அவர் கெடாமல் காத்தவைதான் பெரியவை என்று நான் நம்புகிறேன். கெய்ரோவில் பிரமிடுகளின் நிழலில் நிற்கும் மேனா ஹவுஸ் 1970களில் அவர் குழுமத்திடம் வந்து புதுப்பிக்கப்பட்டது. சிசில் நெடுங்காலம் மூடிக் கிடந்து, சீரமைக்கப்பட்டு 1997இல் மறுபடி திறந்தது. அப்போது அவருக்கு 98 வயது. காத்ததிலும் எல்லாம் தப்பவில்லை. டார்ஜிலிங்கின் மவுண்ட் எவரெஸ்டும் பின்னர் இந்தக் குழுமத்தின் கைக்கு வந்ததுதான். ஆனால் அது பல பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. மலையில் ஒரு கட்டடம் பூட்டப்பட்டால் முதலில் கூரைப் பீலியில் இலை சேரும், பிறகு சுவரில் தண்ணீர் இறங்கும், பிறகு மரம் உளுக்கும்.

சிம்லாவுக்கு நான் போனதில்லை. ஆனாலும் அந்த நகரம் எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை, ஏனென்றால் அதையும் நுவரெலியாவையும் ஒரே கைகள்தாம் வரைந்திருக்கின்றன: குதிரைப் பந்தயத் திடல், கிளப், தேவாலயம், சாய்ந்த கூரையுடன் புகைபோக்கி வைத்த வீடுகள். 1903இல் கல்காவிலிருந்து சிம்லாவுக்கு ஓடத் தொடங்கிய சிறு ரயிலும், அதே காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போடப்பட்ட ரயிலும் இரண்டரை அடி அகலமே கொண்ட ஒரே அளவுத் தண்டவாளத்தில் ஓடின. சிம்லா ரயில் இன்றும் ஓடுகிறது. எங்கள் ரயில் 1940களிலேயே நின்றுவிட்டது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் தமக்காகக் கட்டிய மலை வாசஸ்தலம்தான் வளர்ந்து, கிளைவிட்டு, நுவரெலியாவின் இன்றைய கிராண்ட் ஹோட்டலாக நிற்கிறது.

கந்தப்பளையில் பழைய ரயில் பெட்டி ஒன்றைக் காணலாம். ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள்; அந்தப் பெட்டியையும் புதுப்பித்து உணவகமாக்கினார்கள். மலைத் தொழிற்சாலைகளுக்கு அந்த நீண்ட ஜன்னல் வரிசைகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. மேல்மாடிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, பெரிய காற்றாடிகளால் காற்றை இழுத்து வாட்டுவதற்கு அத்தனை திறப்புகள் தேவைப்பட்டன. கொழுந்து வாடிய மாடிகளே இன்று விருந்தினர் அறைகள். காற்றாடிகளையும் பழைய இயந்திரங்களையும் அகற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஓபராய்க்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இறந்த கட்டடத்தை இடிக்காமல், அதன் எலும்பை மதித்து மறுபடி எழுப்புவது அவர் கல்கத்தா கிராண்டில் நடந்த அதே வழிதான்.

உயிரோடிருக்கும் கட்டடத்தை அப்படிச் செய்வது வேறு விஷயம். 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாவின் செங்கல் தபாற்கந்தோரை ஒரு இந்திய ஹோட்டல் குழுமத்துக்கு விடும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் அவர்கள் பக்கம். லயங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேரும், சேராமலும் போகும். என் முதல் வேலைக்கான நேர்முகக் கடிதம் நான்கு நாள் தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. கடிதங்கள் இன்னும் வந்து போகிற ஒரு கட்டடம், யாரும் வந்து காப்பாற்ற வேண்டிய நிலையில் இல்லை.

பங்களாக்களும் தொழிற்சாலைகளும் ஹோட்டல்களாகி மறுபிறவி எடுத்ததை நான் வரவேற்கிறேன். அவற்றோடு ஒரே காலத்தில், ஒரே கல்லில் கட்டப்பட்ட லயங்களுக்கு அப்படி ஒரு ஓபராய் வரவில்லை என்பதுதான் என் மனக்குறை. துரையின் பங்களா காற்றோட்டமான மேட்டில் நிற்கும். 10க்கு 12 அடிக் காம்பிராக்களின் வரிசை, தண்ணீர் இறங்கும் பள்ளத்தில் நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைக்காட்சியில் அந்தச் செம்மண் சரிவைக் காட்டும்போதெல்லாம், மேலே எந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும் என்று விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு அப்பாவைக் கந்தப்பளைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இப்போது 79 வயது. அந்தப் பழைய தொழிற்சாலையின் வெள்ளி நிறச் சுவர்களையும் ஜன்னல் வரிசையையும் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தார். "இந்த மாதிரி ஒரு மாடியிலதான் ஒங்கம்மா கொழுந்து பரப்புனா" என்றார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, கைத்தடியை ஊன்றி மெல்லக் கீழ்ப்பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். கல் பதித்த கானில் தண்ணீர் தெளிவாக, சத்தமில்லாமல், தேயிலையின் ஓரமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து இரண்டு விரலை அதில் வைத்து, ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்தார். "எறக்கம் சரியா இருக்கு" என்றார். விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்டார்.